கிணறு எண் இரண்டு

ஆய்வகக் கடிதம் வந்த நவம்பர் காலை
பீட்ரூட் லாரிகள் சிந்திய சேறு
சாலை நெடுக.
லோலன் தீவில் அது சர்க்கரைப் பருவம்.
எங்கள் நீர்நிலையம்
ஒரு செங்கல் கொட்டில், மூன்று ஆழ்கிணறு,
நூற்றுப் பன்னிரண்டு வீடு.
சம்பளமில்லாத தலைவன் நான்.

ஒரே ஒரு வரிக்குக் கீழே
கோடு போட்டிருந்தார்கள்.
கிணறு எண் இரண்டு.
டெஸ்ஃபீனைல் குளோரிடசோன்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்,
நாக்கில் நிற்கவில்லை.
லிட்டருக்குச் சுழியம் புள்ளி ஒன்று நான்கு மைக்ரோகிராம்.
வரம்பு, சுழியம் புள்ளி ஒன்று.

மறுமாதிரி எடுக்க வந்த குன்வர்
கொட்டில் வாசலில் நின்றபடியே விளக்கினாள்.
தெளித்த களைக்கொல்லி மண்ணில் செத்துப்போகும்,
ஆனால் முழுக்கச் சாகாது.
அவள் சொன்னது வேதியியல்.
எனக்குத் தெரிந்ததோ
பிரிவில் மெலிந்தவள் முன்கையிலிருந்து
வளை கழன்று விழுவது.
ஒரு வளையம் விழுந்த பிறகு
மிஞ்சியது இளைத்துப்போய்,
நீரோடு நீராகி,
களிமண்ணின் எந்தக் கைக்கும் அகப்படாமல்
கீழே, கீழே.

"நாற்பது வருஷம் நடந்து வந்திருக்கு."
"இத்தனை நாள் ஏன் காட்டவில்லை?"
"யாரும் தேடவில்லை.
பட்டியலில் பெயர் இல்லாததை
இயந்திரம் தேடாது."
புட்டியின் மூடியைத் திருகினாள்.
குளிர்பெட்டி டப்பென்று மூடிக்கொண்டது.

நாற்பது வருஷம்.
எனக்குப் பத்தொன்பது வயது.
கதவில்லாத சிவப்பு டிராக்டர்.
காற்று திரும்பினால்
சட்டையைக் கழற்றி முகத்தில் கட்டிக்கொள்வேன்.
மாலையில் பீப்பாயைக் கழுவி
வயல்மூலைப் பள்ளத்தில் ஊற்றுவேன்,
மூன்று தரம் கழுவச் சொல்லியிருந்தது லேபிள்,
மூன்று தரமும் கழுவினேன்.
கிணறு எண் இரண்டு அப்போது அங்கே இல்லை.
எண்பத்தாறில்தான் தோண்டினோம்.
மேடான இடம், ஊருக்குப் பக்கம் என்று
விரல் நீட்டிக் காட்டியவனும் நான்.

வியாழன் இரவு, விளையாட்டுக் கூடத்தில் கூட்டம்.
காப்பியில் எல்லோரும் சர்க்கரை போட்டுக்கொண்டோம்,
எங்கள் வயல் சர்க்கரை.
ஒன்பது வாரக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி
சிக்னே எழுந்தாள்.
"ஆபத்தா, இல்லையா?"

நகராட்சி அதிகாரி நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.
"அந்த எண் நஞ்சின் அளவு இல்லை அம்மா.
சட்டம் எழுதிய காலத்தில்
கருவிகளின் கண்ணுக்கு ஏறக்குறைய
அவ்வளவுதான் எட்டியது.
இருக்கவே கூடாது என்பதைத்தான்
அப்படி எண்ணாக எழுதினார்கள்.
இதுவரை தெரிந்தமட்டில்,
இந்த அளவில் உடம்புக்குக் கேடில்லை."

"இதுவரை" என்றாள் சிக்னே.
கேள்வியாகச் சொல்லவில்லை.
குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

பேச வேண்டிய முறை எனக்கு.
எழுந்தேன்.
காட்டோரம் புதுக் கிணறு என்றால் இருபது லட்சம் குரோனர்,
மூன்றாம் கிணற்று நீரோடு கலந்தால்
ஒரு வால்வு, ஒரு குழாய்.
இதை மட்டும் சொன்னேன்.
கைகள் உயர்ந்தன. எண்ணினேன். கலப்பது என்று முடிவு.
பள்ளத்தைப் பற்றி
யாரும் கேட்கவில்லை.
பட்டியலில் இல்லாததை.

இப்போது புள்ளி பூஜ்யம் ஏழு.
சட்டப்படி நல்ல தண்ணீர்.
பொருள் ஒரு துளியும் குறையவில்லை,
தண்ணீர்தான் கூடியிருக்கிறது.
ஞாயிறுதோறும் மீட்டர் பார்க்கப் போகிறேன்.
குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்கிறேன்.
பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி, வேறொன்றுமில்லை.

எழுபத்தொன்பது வந்துவிட்டது.
எண்பதும் எண்பத்தொன்றும்
எண்பத்தெட்டு வரை நான் தெளித்த எல்லாமும்
காலுக்குக் கீழே
இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன.